ஊர் இடுகாட்டில் வாழும் உயிர்கள்

இடுகாட்டையும் சுடுகாட்டையும் பேணுதல் ஊர்ப் பஞ்சாயத்தின் கடமைகளுள் ஒன்று. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதனைக் கட்டாயக் கடமையாகவே வகுத்துள்ளது. பாதை அமைக்கவும், எரிமேடை கட்டவும், தண்ணீர் வசதி செய்யவும், சுற்றுச்சுவர் எழுப்பவும் நிதி கிடைத்தவுடன், பல ஊர்களில் முதற்பணியாக நடைபெறுவது நிலத்தை வழித்துச் சமன் செய்தலேயாம். மண் அள்ளும் இயந்திரம் ஒன்று வந்து, புதர், மரம், புற்று யாவற்றையும் ஒரே நாளில் அப்புறப்படுத்திவிடுகிறது. மறுநாள் பார்த்தால் அவ்விடம் நெற்களம் போல் வெறிச்சென்று காட்சியளிக்கும். இதனைச் சீர்திருத்தம் என்றே பலரும் கருதுகின்றனர். அவ்வாறு அகற்றப்பட்டவை எவை, அவற்றால் சுற்றுவட்டத்துக் குடியானவர்கள் அடைந்து வந்த பயன் யாது என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

நம் கிராமங்களில் ஏர் படாத நிலம் மிகவும் அருகிவிட்டது. ஏரிக்கரை, அய்யனார் கோயிற்காடு, இடுகாடு ஆகியவை போன்ற சில இடங்களே எஞ்சியுள்ளன. இவற்றுள் இடுகாட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அங்கு எவரும் பயிரிடுவதில்லை, பூச்சிமருந்து தெளிப்பதில்லை, விறகுக்கென்று கூடப் பலர் அங்குள்ள மரங்களில் கை வைப்பதில்லை. அச்சமும் மரியாதையும் பல தலைமுறைகளாக அந்நிலத்துக்கு வேலியாக அமைந்துவிட்டன. (ஒரே ஊரில் சாதிக்கு ஓர் இடுகாடு இருப்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியன்று, அது தனியே பேசித் தீர்க்கவேண்டிய காரியம்.) வேம்பும் ஆலும் பனையும் அங்கு முதுமையடையும் வரை நிற்கின்றன. அடியில் எருக்கு, ஆவாரை, தும்பை, நொச்சி, கள்ளி ஆகியவை தாமே முளைத்துப் படர்கின்றன.

எருக்கினால் என்ன பயன் என்று கேட்கலாம். கறுப்பும் செம்மஞ்சளுமாகப் பறக்கும் வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று வளர்வது. அது வயலுக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. ஆனால் எருக்கம்பூவுக்கும் ஆவாரம்பூவுக்கும் ரீங்காரமிட்டு வரும் பெரிய கருவண்டு அத்தகையதன்று. துவரை, முருங்கை முதலியவற்றின் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பட்டுப்போன மரக்கிளையிலும் காய்ந்த மூங்கிலிலும் துளையிட்டு அது கூடு அமைக்கிறது. பட்ட மரங்களையெல்லாம் வெட்டி அகற்றிவிட்டால் அதற்குக் குடியிருக்க இடமில்லை. பிறகு முருங்கை பூத்தும் காய் குறைந்ததேன் என்று வியப்பதில் பொருளில்லை.

குடியானவனுக்கு இடுகாடு அளிக்கும் பெருங்கொடை ஆந்தையும் கூகையுமே எனலாம். கூகை அலறினால் ஊரில் சாவு விழும் என்ற நம்பிக்கை இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கூகை இடுகாட்டை நாடுவதன் காரணம் மிக எளியது. முதிய மரத்தின் பொந்தும், பாழ்மண்டபத்தின் இடுக்கும் அதற்குப் பகலில் ஒதுங்கவும் குஞ்சு பொரிக்கவும் ஏற்றவை. சுற்றிலுமுள்ள வயல்களில் எலி மலிந்திருக்கிறது. இருட்டியதும் அது வயல்மேல் ஓசையின்றித் தாழப் பறந்து, எலியின் மெல்லிய சலசலப்பைச் செவியால் அறிந்து பாய்கிறது. பெரும்பாலும் இரையை முழுதாகவே விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. ஐயமுள்ளவர்கள் கூகை தங்கும் மரத்தடியில் கிடக்கும் இவ்வுருண்டைகள் சிலவற்றை நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்கலாம். எலியின் மண்டையோடுகளும் பற்களும் வெளிப்படும், எண்ணிக் கணக்கிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த விலங்கியற் பாடம் வேறில்லை.

டெல்டாப் பகுதி வயல்களில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு, ஆந்தை அமர்ந்து எலி பிடிக்க வகை செய்யும் வழக்கத்தை நாம் அறிவோம். மட்டையை நட்டுவிட்டு, அந்த ஆந்தை பகலில் தங்கும் மரத்தை வெட்டிவிட்டால் மட்டையில் வந்து அமர்வது யார்?

இடுகாட்டில் பாம்பு மிகும் என்பது உறுப்பினர்கள் எழுப்பும் முதல் ஆட்சேபம். இது நியாயமானதே. பிணத்தைச் சுமந்து இருட்டில் வருவோரும், குழி வெட்டுவோரும் அஞ்சாமல் நடமாட வழி வேண்டும். ஆகவே பாதை, எரிமேடை, கொட்டகை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் சுற்றிப் புதரின்றி வைத்திருப்பது அவசியம். விளக்கும் வேண்டும். ஆனால் எல்லையோரத்துப் புதரையும் அழிக்கவேண்டியதில்லை. அங்குள்ளவற்றுள் சாரைப்பாம்பு நஞ்சற்றது. எலியைத் தின்று வாழ்வது.

இங்கிலாந்து நாட்டின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. அங்குப் பழைய மாதாகோயில்களைச் சுற்றிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. 1932க்கும் 1984க்கும் இடைப்பட்ட காலத்தில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இயற்கையாக மலர்கள் பூத்துவந்த தாழ்நிலப் புல்வெளிகளில் 100க்கு 97 பங்கு உழவினாலும் உரத்தினாலும் பிறவற்றாலும் அழிந்துபோயின. அப்புல்வெளியின் பூண்டுகள் பல இடங்களில் கல்லறைகளுக்கிடையே மட்டும் பிழைத்திருந்தன. நாம் மசாலாவில் சேர்க்கும் கற்பாசியின் இனத்தைச் சேர்ந்தவை அங்குள்ள கல்லறைக் கற்களின் மேல் படர்ந்து வளர்கின்றன. 700க்கு மேற்பட்ட வகைகளைக் கல்லறைத் தோட்டங்களில் கண்டுள்ளனர். பூத்து விதை உதிர்ந்த பின்னரே புல்லை அறுத்து, அறுத்ததை வாரி அப்புறப்படுத்துவது அங்குப் பரிந்துரைக்கப்படும் முறை. வாராமல் விட்டால் அது மக்கி மண்ணுக்கு உரமாகி, முரட்டுப் புல் தழைத்துச் சிறு பூண்டுகளை நெருக்கிவிடும்.

நம் இடுகாடுகளில் உண்மையில் அகற்றப்படவேண்டியது சீமைக்கருவேல். 1870களில் இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட இம்மரம் பிற செடிகளை நெருக்கிப் பெருகுகிறது. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேர்க்கழுத்தோடு தோண்டி எடுத்தல் வேண்டும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கையில் வேலை எளிது. ஆயினும் தை முதல் சித்திரை வரை புள்ளி ஆந்தைகள் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் காலமாதலால், முதிய மரங்களை ஒட்டிய பகுதியை அப்போது கலைக்காதிருப்பது நலம். அகற்றிய இடத்தில் ஐப்பசி மழையோடு புங்கு, நொச்சி, பனை ஆகியவற்றை நடலாம். வெறுமனே விட்டால் சீமைக்கருவேல் விதை மறுபடி முளைத்துவிடும்.

சீமைக்கருவேலை ஏலம் விடும் ஊர்களில் ஓர் எச்சரிக்கை தேவை. ஏல நிபந்தனையில் தெளிவாக எழுதாவிட்டால், எடுத்தவர் வேம்பையும் புங்கையும் சேர்த்து வெட்டிச் செல்லக்கூடும். வெட்டிய பின் கேட்பதில் பயனில்லை.

2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும். இடுகாட்டின் மரங்களையும் பறவைகளையும் இப்பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். குழி வெட்டும் தொழிலாளரும் ஆடு மேய்ப்போரும் அங்குள்ள பொந்துகளையும் புற்றுகளையும் நன்கறிவர். அவர்களைக் கேட்டு எழுதுதல் தகும். வேலைக்கான மதிப்பீடு தயாராகும்போதே, நிறுத்தி வைக்கவேண்டிய மரங்களைக் கிராம சபையில் தீர்மானித்து, ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்பினால் வளையமிட்டு எண் எழுதிவிடவேண்டும். இயந்திரம் ஓட்டுபவர் வெளியூரைச் சேர்ந்தவராக இருப்பார். எந்த மரத்தை விடவேண்டும் என்பதை அந்த வளையத்தைப் பார்த்தே அவர் அறிந்துகொள்வார்.