இரும்பாய் இறுகும் சுரப்பி

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அது வீங்குவதைக் கழலை என்பர். கழலை அரிய நோயன்று. உணவில் அயோடின் குறைந்தாலே தோன்றக்கூடும். ஆனால், ஜெர்மானிய அறுவை மருத்துவர் பெர்ன்ஹார்ட் ரீடல் 1896இல் விவரித்த கழலை வேறு வகையைச் சேர்ந்தது. அது இரும்பைப் போல் இறுகியிருந்தது. சுற்றியுள்ள தசைகளோடும் மூச்சுக்குழாயோடும் ஒட்டிக்கொண்டிருந்ததால், சுரப்பி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. புற்றுநோய் என்றே எவரும் நினைப்பர். ஆனால், நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது புற்றுநோய் உயிரணுக்கள் தென்படவில்லை.

அப்படியானால் சுரப்பியை இறுக்கியது எது? முழங்காலில் பட்ட காயம் ஆறிய பிறகு தழும்பு உண்டாகிறதல்லவா? அது நார்த்திசுவால் ஆனது. காயம் ஆறியதும் அதன் வளர்ச்சி நின்றுவிடும். ரீடல் நோயிலோ அழற்சி தணிவதில்லை. நார்த்திசு பெருகிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் வலி இராது. மூச்சுத் திணறும், உணவு விழுங்கச் சிரமமாகும், குரல் கம்மும்.

இந்நோயாளிகளுள் சிலருக்குக் கண்ணின் பின்புறம், பித்தநாளம், வயிற்றின் பின்பகுதி ஆகிய இடங்களிலும் நார்த்திசு பெருகியது. கண்ணை ஒரு மருத்துவர் பார்த்தார். வயிற்றை இன்னொருவர் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒருவகைக் கணைய அழற்சி கொண்டோரின் இரத்தத்தில் ஐஜிஜி4 என்னும் எதிர்ப்புப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தனர். அப்புரதத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் பிற்காலத்தில் வேறு உறுப்புகளிலும் காணப்பட்டன. ரீடல் நோயாளிகள் பலரின் தைராய்டிலும் இருந்தன. தொடர்பற்றவை எனக் கருதப்பட்ட நோய்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயின.

இதனால், கழுத்தில் இந்நோய் கண்டவருக்கு இன்று வயிற்றையும் படமெடுத்துப் பார்க்கிறார்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் குழாயை நார்த்திசு நெரித்தால், சிறுநீரகம் ஓசையின்றிப் பழுதடையும் அல்லவா?

சுரப்பியை முழுமையாக வெட்டியெடுப்பது ஆபத்தானது. குரலை இயக்கும் நரம்பு அந்த இறுகிய திசுவுக்குள் புதைந்திருக்கலாம். ஆகவே, மூச்சுக்குழாயை அழுத்தும் நடுப்பகுதியை மட்டும் நீக்கி, அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்து தருகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குரிய தமோக்சிஃபென் மருந்தாலும் சிலரின் கட்டி சுருங்கியுள்ளது.