பெயர்ப் பலகையின் இயற்பியல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பல் மருத்துவர் புதிதாகத் தொழில் தொடங்கினார். வாசலில் ஒரு பலகையும் மாட்டினார். எதிர்வீட்டுச் சிறுவன் தெருமுனையில் நின்றபடி அதைப் படித்துவிட்டு, "சார், அங்கே எத்தனை டாக்டர் இருக்காங்க?" என்று என்னைக் கேட்டான். "ஒருவர்தானே!" என்றேன். "அப்புறம் ஏன் 'பல மருத்துவர்'னு எழுதியிருக்கு?" என்றான்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். பையன் சொன்னது சரிதான். 'ல்' என்னும் எழுத்தின் தலைமீது இருக்க வேண்டிய புள்ளியைக் காணவில்லை. அருகில் போனால் புள்ளி இருந்தது. தெருமுனைக்குத் திரும்பினால் மறைந்தது. கடைசியிலுள்ள 'ர்' என்ற எழுத்தின் புள்ளியும்தான் மறைந்திருந்தது. ஆனால் அந்த இடத்தில் வேறு பொருள் வர வழியில்லாததால் நம் மனமே ஒரு புள்ளியை வைத்துப் படித்துக்கொண்டது!

அந்தப் புள்ளி எங்கே போயிற்று? இதற்கு விடை காண நம் கண்ணுக்குள் சற்றே நுழைந்து பார்க்க வேண்டும்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. கண்ணின் ஒளி மையத்திலிருந்து அது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் பின்னால் உள்ளது. அதன் நடுப்பகுதியில் கூம்பு செல்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லின் மையத்துக்கும் அடுத்த செல்லின் மையத்துக்கும் உள்ள தூரம் சுமார் 2.5 மைக்ரான்தான். இரண்டு கோடுகள் நமக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால், அவற்றின் பிம்பங்கள் இரண்டு செல்கள்மீது விழ, நடுவில் ஒரு செல்லாவது சும்மா இருக்க வேண்டும். அதாவது பிம்பங்களுக்கு இடையே 5 மைக்ரான் இடைவெளி தேவை. 5 மைக்ரானை 17 மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள். விடை ஏறக்குறைய 0.0003 ரேடியன் கோணம். இது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. இதை ஒரு நிமிடக் கோணம் என்பர்.

கண் மருத்துவரிடம் போயிருப்பீர்கள். சுவரில் மாட்டியுள்ள எழுத்து அட்டையை 1862-இல் அமைத்தவர் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர். ஆங்கில 'E' எழுத்தில் மூன்று கோடுகள், இரண்டு இடைவெளிகள். ஆக ஐந்து பட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடக் கோணம் பெறுமாறு, முழு எழுத்தும் ஐந்து நிமிடக் கோணத்தில் தெரியும்படி அவர் அமைத்தார். 6 மீட்டர் தொலைவுக்கு இந்த எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர். 60 மீட்டருக்கு 8.7 சென்டிமீட்டர்.

ஆனால் இது 'E'க்குச் சொன்ன கணக்கு. நம் எழுத்துகளின் கதை வேறு. இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' என்று சின்ன வகுப்பில் படித்தோம் அல்லவா? ஒரு கட்டத்தாளில் 'ண'வை எழுதி, குறுக்கே எத்தனை கோடுகளும் இடைவெளிகளும் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தில் நிச்சயம் அடங்காது. எனவே ஒரே உயரமுள்ள எழுத்துகளாயினும், தூரம் போகப் போக 'E'க்கு முன்பே 'ண' குழம்பிவிடும். 'பணி' என்பது 'பனி'யாகிவிடும். அதற்கும் முன்னால் பலியாவது புள்ளி. அந்தப் பல் மருத்துவர் பலகையில் எழுத்தின் உயரம் 8 சென்டிமீட்டர். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே விட்டிருந்த சந்து அரை சென்டிமீட்டர். இந்தச் சந்து 17 மீட்டர் தொலைவிலேயே ஒரு நிமிடக் கோணமாகச் சுருங்கிவிடும். தெருமுனையோ 50 மீட்டர். புள்ளி எழுத்தோடு ஒட்டிக் கரைந்துபோனதில் வியப்பில்லை.

மருத்துவர் நல்லவர். நான் சொன்னதும் சிரித்துவிட்டு, புள்ளியைப் பெரிதாக்கிச் சற்று மேலே தள்ளி வைக்கச் சொன்னார்.

கண்ணால் பிரித்தறிய முடிகிற எல்லை வேறு; வழியில் போகிறவர் சிரமமின்றிப் படிக்கும் அளவு வேறு. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகைத் தொழிலில் பல நாடுகளில் வழங்கும் கணக்கு. இது ஸ்னெல்லன் அளவைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு, சற்றுத் தாராளமானதுதான். மூன்று மடங்காவது வைப்போம். 60 மீட்டரில் படிக்க வேண்டிய எழுத்து அப்போது 26 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 10 அடிக்கு 3 அடிப் பலகையில் இந்த அளவில் இரண்டே வரிகள்தான் கொள்ளும். முதல் வரியில் கடையின் பெயர். இரண்டாவது வரியில் அங்கு என்ன கிடைக்கும் என்பது. அவ்வளவுதான்.

"இரண்டு வரி போதுமா?" என்று கடைக்காரர் கேட்பார். மோட்டார் சைக்கிளில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறார். 60 மீட்டரைக் கடக்க ஐந்தரை நொடி. அந்த நேரத்திலும் அவர் கண் சாலைமீதுதான் இருக்க வேண்டும், பலகைமீது அல்ல. ஒன்றிரண்டு நொடி கிடைத்தால் அதிகம். நான்கைந்து சொற்களுக்குமேல் எழுதி என்ன பயன்? ஆனால் நேரு வீதியிலும் அண்ணா சாலையிலும் ஒரு நடை போய்வாருங்கள். தெய்வப் படம், உரிமையாளர் படம், மூன்று தொலைபேசி எண்கள், கிளைகள், பன்னிரண்டு பொருள்களின் பட்டியல் என்று எல்லாம் ஒரே பலகையில்!

இதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். தூரிகையால் எழுதிய காலத்து ஓவியர் நாலு எழுத்து எழுதியதும் ஏணியிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பார். இன்று பிளெக்ஸ் பேனரை அமைப்பவர் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கிறார். 20 அடி, அதாவது 6.1 மீட்டர் அகலப் பேனர் அவருக்கு 40 சென்டிமீட்டர் அகலத்தில், 50 சென்டிமீட்டர் தூரத்தில் தெரிகிறது. வடிவொத்த முக்கோணங்களைப் போட்டுப் பாருங்கள். உண்மையான பேனரை ஏழரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அது சமம். அந்தத் தூரத்தில் தொலைபேசி எண்ணும் தெரியும், தூரத்துக் கிளையின் முகவரியும் தெரியும்! 60 மீட்டரில் எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமானால், திரையில் பேனரை 5 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேனர் அச்சடிக்கும்போது இதைச் செய்து பாருங்கள். பாதி வாசகம் தானாகவே நீங்கிவிடும்.

அடுத்தது நிறம். சிவப்பில் பச்சை, நீலத்தில் சிவப்பு என்று எழுதினால் எடுப்பாகத் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். நுண்ணிய கோடுகளைப் பிரித்தறிவதில் கண் நம்பியிருப்பது நிற வேறுபாட்டையல்ல, வெளிச்ச வேறுபாட்டையே. வெள்ளை வர்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு ஐந்து சதவீதம் அளவில். அழுத்தமான சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் இந்தக் கணக்கில் கறுப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால், சிவப்பும் பச்சையும் கலந்த பலகை ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவதைக் காணலாம்.

மாலையில் இன்னொரு வேடிக்கை நிகழ்கிறது. வெளிச்சம் குறையும்போது கூம்பு செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் வேலையை ஏற்கின்றன. கூம்புகளுக்கு மிகவும் பிடித்த அலைநீளம் சுமார் 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. கோல்களுக்கோ 507 அளவில், நீலம் கலந்த பச்சை. சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரியாது. எனவே பகலில் பளிச்சென்றிருந்த சிவப்பு அந்தியில் முதலில் கறுத்துப்போகும். நீலம் ஒப்பளவில் வெளிறித் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னவர் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே. கறுப்புப் பலகையில் சிவப்பு எழுத்து வைத்த கடைக்காரர், விளக்குப் போடும்வரை பெயரில்லாத கடை நடத்துகிறார்!

நல்ல பலகைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரத் தெருக்களின் மூலைச் சுவர்களைப் பாருங்கள். நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தில், பிரெஞ்சிலும் தமிழிலும் தெருவின் பெயர் இருக்கும். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி இங்கு நீங்கியது. ஆனாலும் இந்த வழக்கம் நிலைத்துவிட்டது. பாரிஸ் நகரில் 1840-களில் தெருப் பெயர்களுக்கு வகுக்கப்பட்ட நீலமும் வெள்ளையும்தான் இவை. இதில் எனாமல் பூச்சுத் தகடுகளின் சிறப்பு தனி. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியசில் உலையில் சுட்டால், தூள் உருகித் தகட்டோடு ஒன்றிவிடும். நீல நிறம் தருவது கோபால்ட் ஆக்சைடு. அது உலை வெப்பத்துக்கே அஞ்சாதது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அதை என்ன செய்யும்? பிளெக்ஸ் பேனரில் பயன்படும் மை அப்படியல்ல. அதன் கரிம மூலக்கூறுகளைப் புற ஊதாக் கதிர் சிறுகச் சிறுக உடைத்துவிடுகிறது. எனாமல் தகட்டுக்குப் பகைவன் கல்லெறிதான். ஒரு மூலை பெயர்ந்தால், கடற்காற்றின் உப்பு அந்த வழியே புகுந்து இரும்பை அரிக்கத் தொடங்கும்.

இந்தத் தகடுகளுக்கு இன்னொரு நற்பேறும் உண்டு. அவை சிறியவை, சுவரோடு ஒட்டியவை. காற்று அவற்றின் பின்னால் புக முடியாது.

இப்போது காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனெனில் எழுத்து தெரியவில்லை என்றால், எழுத்துகளைக் குறைப்பதற்குப் பதிலாகப் பலகையைப் பெரிதாக்குவதே வழக்கமாக இருக்கிறது. தடுக்கப்பட்ட காற்று தரும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். ஆகவே நொடிக்கு மீட்டரில் வேகத்தை எடுத்து, வர்க்கமாக்கி, 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது வந்துவிடும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 60 நியூட்டன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். 140 என்றால் நொடிக்கு 39 மீட்டர். அழுத்தம் 910 நியூட்டன். வேகம் நான்கு மடங்கு. விசை பதினைந்து மடங்கு!

கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகள், புதுச்சேரிக்கு நொடிக்கு 50 மீட்டரை அடிப்படைக் காற்று வேகமாகக் கொள்ளச் சொல்கின்றன. அப்போது அழுத்தம் 1500 நியூட்டன். 20 அடிக்கு 10 அடிப் பேனரின் பரப்பு 18.6 சதுர மீட்டர். அதன்மேல் விழும் விசை ஏறக்குறைய 28,000 நியூட்டன். அதாவது 2,800 கிலோகிராம் எடை. இதைத் தாங்க நிற்பவை நான்கு சவுக்குக் கம்பங்களும் கொஞ்சம் கயிறும்.

"காற்றுப் போக ஓட்டை விட்டிருக்கிறோம், சார்" என்று பேனர் கட்டும் இளைஞர் ஒருவர் எனக்குச் சமாதானம் சொன்னார். உள்ளங்கை அளவில், 10 சென்டிமீட்டர் சதுரமாக, இருபது ஓட்டைகள் போட்டாலும் மொத்தப் பரப்பு 0.2 சதுர மீட்டர். பேனரில் நூற்றில் ஒரு பங்கு. விசையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கம்பத்துக்கு இன்னொரு கயிறு கட்டினார்.

2024 மே 13 அன்று மும்பையின் காட்கோபர் பகுதியில் பெட்ரோல் நிலையத்தின்மேல் விளம்பரப் பலகை ஒன்று சரிந்து 17 பேர் இறந்தார்கள். மாநகராட்சி அனுமதிப்பது 40 அடிக்கு 40 அடி. அந்தப் பலகையோ 120 அடிக்கு 120 அடி. பக்கம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு. 1,338 சதுர மீட்டர். அதன் அடித்தளம் மணிக்கு 49 கிலோமீட்டர் காற்றையே தாங்கக்கூடியது என்றும், அன்று வீசியது 87 கிலோமீட்டர் என்றும் அந்நகரின் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் ஆய்ந்து கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 87-ஐ 49-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 3.15. தாங்கக்கூடியதைவிட மூன்று மடங்கு விசை! இதற்குப் பெரும் புயல் தேவைப்படவில்லை. ஒரு கோடை மழைக்கு முன் வரும் காற்றே போதுமானதாயிற்று.

சிறியது என்றால் ஆபத்தில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைத்த ஒரு பேனர் சரிந்து ஸ்கூட்டரில் சென்ற இளம் பொறியாளர்மீது விழுந்தது. அவர் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த லாரி ஏறியது. புதுச்சேரியில் பொது இடங்களின் அழகு கெடாமல் காக்க 2000-இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் விழாக் காலத்தில் சதுக்கங்களைச் சுற்றிலும் கம்பங்கள் முளைக்கத்தான் செய்கின்றன.

காற்றின் விசையை நீங்களே அளக்கலாம். அரை மீட்டர் சதுரமான கெட்டி அட்டை ஒன்றை எடுத்து, நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, நான்கையும் ஒரு முடிச்சாக்கி, பள்ளி ஆய்வுக்கூடத்து வில் தராசின் கொக்கியில் மாட்டுங்கள். மாலையில் கடற்காற்று வீசும்போது, ஆசிரியரோடு கடற்கரைக்குப் போய், அட்டையின் முகத்தைக் காற்றுக்கு நேராகப் பிடியுங்கள். நொடிக்கு 6 மீட்டர் காற்றானால் தராசு 550 கிராமுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். அட்டையைக் காற்றுக்கு இணையாகத் திருப்பினால் முள் எங்கே போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.