செம்மறியின் தலையீற்று

ஆடு வளர்ப்போரின் வருவாய் குட்டிகளில் இருக்கின்றது. ஆனால் இளம் பெட்டையை முதன்முதலாகக் கிடாயுடன் எப்போது சேர்ப்பது என்பதை அறியாதவருக்கு அவ்வருவாய் கைகூடுவதில்லை.

சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் வளரும் மேச்சேரிச் செம்மறியையே எடுத்துக்கொள்வோம். வெளிர்பழுப்பு நிறமும் கொம்பில்லாத தலையும் உடைய இவ்வினம், இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றது.

பருவமடைந்த பெட்டை எல்லாம் தாய்மைக்குத் தகுதி பெற்றவை ஆகா. அதன் எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அந்நிலையில் சினைப்பட்டால், உண்ணும் உணவைத் தாயுடலும் கருவும் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். விளைவு என்ன? குட்டி மெலிந்து பிறக்கும், பால் போதாது, அடுத்த ஈற்றும் தள்ளிப்போகும். ஆகவே வயதை மட்டும் நோக்காது, நிறையையும் நோக்குதல் வேண்டும். வளர்ந்த ஆட்டின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை எட்டிய பின்னரே சேர்த்தல் நன்று. வளர்ந்த ஆடு 24 கிலோ எனின், இளம் பெட்டை 16 கிலோவேனும் இருத்தல் வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆனி, ஆடியில் சினைப்பட்டவை கார்த்திகை, மார்கழியில் ஈனும். மழைக்குப்பின் தழைத்த புல் தாயின் மடியில் பாலாகும். ஆனால் ஆனியில் மேய்ச்சல் குறைவு. ஆதலின், சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே சிறிதளவு தானியமும் பிண்ணாக்கும் அளித்தால் சினைபிடிக்கும் வாய்ப்பு மிகும்.

வேட்கைப் பருவம் ஏறத்தாழ 17 நாட்களுக்கு ஒருமுறை தோன்றி, ஓரிரு நாளில் மறையும். கிடாயின் மார்பில் வண்ணம் பூசினால், அது கூடிய பெட்டையின் பின்புறத்தில் அடையாளம் பதியும். 17 நாட்களுக்குப் பின் வேறு வண்ணம் பூசுக. அவ்வண்ணமும் பதிந்த பெட்டை முன்னர்ச் சினைபிடிக்கவில்லை என அறியலாம். கிடாயை அதன் மகளுடன் சேரவிடலாகாது.

கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில் நிகழ்வதால், அப்போது தீவனத்தைக் கூட்டுதல் வேண்டும். தலையீற்றுப் பெட்டை சிலபோது தன் குட்டியைக் கண்டே மிரண்டு விலகும். இரண்டையும் ஒரு சிறு தட்டியடைப்பில் தனித்து வைத்து, முதல் ஒரு மணி நேரத்திற்குள் குட்டிக்குச் சீம்பால் ஊட்டுக. நோயைத் தடுக்கும் ஆற்றலைக் குட்டி அதிலிருந்தே பெறுகின்றது.

ஐந்தாறு ஆடுகளையே முதலாகக் கொண்ட குடும்பத்திற்கு ஒரு குட்டியின் இழப்பும் பேரிழப்பே. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளே, ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பெட்டையின் நிறையையும், சேர்த்த நாளையும், ஈன்ற நாளையும் எழுதி வாருங்கள். பள்ளியில் கற்ற கூட்டலும் கழித்தலும் அங்கே உங்கள் பட்டியைக் காக்கும்.