ஓடும் கால்கள் – 17: எலும்பு கேட்கும் மூன்று மாதம்

போன வாரம் காலை நாடித்துடிப்பு. எழுந்திருக்கும் முன்பே வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம் என்று முடித்திருந்தேன். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சாப்பாடு என்றும் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு பிரஷ்யப் பட்டாள டாக்டர் குறுக்கே வந்துவிட்டார்.

அவர் பெயர் பிரைட்ஹாப்ட். 1855-ல், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதைக் கவனித்து எழுதிவைத்தார். அடிபடவில்லை, விழவில்லை, சுளுக்கவும் இல்லை. பின் ஏன் வீங்குகிறது? எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். 1897-ல் ஸ்டெகோவ் என்ற இன்னொரு ராணுவ மருத்துவர் அப்படிப்பட்ட பாதங்களைப் படமெடுத்துப் பார்த்தபோது எலும்பிலேயே விரிசல் தெரிந்தது. நாற்பத்திரண்டு வருஷம்! அதுவரை கால் வலிக்கிறது என்று சொன்ன எத்தனை சிப்பாய்களை வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று திட்டியிருப்பார்களோ!

எக்ஸ்ரே வந்தும் சங்கதி முழுசாகத் தீரவில்லை. இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் முன்கூட்டியே தெரியும். ‘படத்துல ஒண்ணும் இல்ல’ என்று கேட்டுவிட்டு மறுநாளே ஓடப்போகிற பையன்களை நினைத்தால்தான் எனக்குப் பகீரென்கிறது.

அப்படிப்பட்ட பையன்களைத் திருவண்ணாமலையில், அடி அண்ணாமலைப் பக்கம் பார்க்கலாம். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வருண லிங்கம் தாண்டி வாயு லிங்கம் வரைக்குமான சாலைதான் பலருக்கு கிரவுண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று ஊரே சொல்லும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே இவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். மலையைச் சுற்றும் பாதையில் செருப்பு ஆகாது என்று வெறுங்காலில் தார்ச்சாலையில் ஓடுகிறவர்களும் உண்டு.

இலக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், பட்டாளம். அக்னிவீர் பொதுப்பணிக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பீமில் பத்து இழுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டினால் போதும், அதற்கு மதிப்பெண் கிடையாது. கொரோனாவில் இரண்டு வருஷம் ஆள்சேர்ப்பே நின்றுபோனது. 2022 ஜூனில் அக்னிபத் அறிவிப்பு வந்தது. அந்த ஒரு முறைக்கு மட்டும் வயது வரம்பை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். ஓட்டத்தை விட்டு, வேலைக்குப் போய், தொப்பை போட்டுவிட்டவர்களுக்கெல்லாம் மறுபடி ஆசை வந்தது. இந்தப் பட்டாள ஆசை வேலூர்ச் சீமை வியாதி. 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் வட ஆற்காடுதானே? அந்தப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். அங்கே இந்தப் பேச்சைத் தொடங்கினால் திண்ணையை விட்டு எழ முடியாது.

திரும்பி வருகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம். ஓட ஆரம்பித்த சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். ரெண்டு மூணு வாரத்தில் மூச்சு பிடிபட்டுவிடும். பழைய வேகம் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். எலும்பு அப்படியில்லை. புதுச் சுமை விழுந்ததும் அது முதலில் தன்னைத்தானே அரித்துக்கொள்கிறது. அதற்கென்றே செல்கள் இருக்கின்றன. பழையதைப் பெயர்த்தெடுக்க ஏறக்குறைய மூன்று வாரம், புதுசு கட்டி முடிக்க மூன்று மாதம். ஆகவே மூச்சு நன்றாக ஓடுகிற அந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் எலும்பு இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். நம்மாள் அன்றைக்குத்தான் சாயங்காலமும் சேர்த்து ஓடுவான்.

செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக ஓட வந்த ஒரு பையன், முன்னங்கால் எலும்பில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான்.

“இங்க மட்டும்தான் சார். ஓடஓட ஜாஸ்தியாவுது.”

பயிற்சி கொடுக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார், “ஒத்தக் கால்ல குதி தம்பி” என்றார். ரெண்டாவது குதியில் அவன் முகம் கோணியது.

“போதும். இன்னிக்கே டாக்டராண்ட போ. அவரு சொல்றவரைக்கும் பீம் மட்டும்தான்.”

அந்த எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் தசை சம்பந்தப்பட்டது. ஒற்றை விரலில் காட்ட முடிகிற வலி வேறு ரகம்.

அவன் தூக்கத்தைப் பற்றியும் ஹவில்தார் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இஸ்ரேல் ராணுவத்தில் 295 புதிய வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 1985-ல் வெளியான ஆய்வில் 31 சதவீதம் பேருக்கு இந்த விரிசல் இருந்தது. பிறகு அங்கே குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, நடக்க வைக்கும் தூரத்தையும் குறைத்தார்கள். எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. மருந்து மாத்திரை எதுவும் இல்லை. டாக்டர் சரி என்ற பிறகு, நைட் ஷிப்ட் பையன் தூங்கிவிட்டுச் சாயங்காலம் ஓடினால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடட்டும். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவது வாரம் பாதியாக்கட்டும். ஆள்சேர்ப்பு ரேலிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. ரேலி அறிவிப்புக்குக் காத்திராமல் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று. கேழ்வரகுக் கூழா, பவுடர் டப்பாவா என்ற பஞ்சாயத்து அடுத்த வாரம், பிரஷ்யாக்காரர் யாரும் வராமலிருந்தால்.