தொகை எண்ணை விரித்தல்: மேகக் கணினியின் அளவீடுகளைக் கட்டளை வரியில் கேட்டறியும் முறை

தமிழிலக்கணம் பயின்றோர்க்குத் ‘தொகை’ என்னும் சொல் புதிதன்று. ‘ஆசிரியர் கடிதம்’ என்கிறோம். அது ஆசிரியர் எழுதிய கடிதமா, ஆசிரியருக்கு வந்த கடிதமா, ஆசிரியரைப் பற்றிய கடிதமா என்பது அத்தொடரில் வெளிப்படவில்லை. இடையில் நிற்க வேண்டிய உருபும் சொல்லும் தொக்கு நிற்கின்றன. இத்தகைய தொடர்களுக்குத் தொகை எனப் பெயர் வந்ததற்கு உரையாசிரியர்கள் இரு காரணங்கள் கூறுவர். உருபு மறைதலால் தொகை என்பது ஒன்று. சொற்கள் ஒன்றுபட்டு ஒரு சொல்போல் நிற்றலால் தொகை என்பது மற்றொன்று. கணக்கில் கூட்டி வந்த எண்ணையும் நாம் தொகை என்றே வழங்குகிறோம். அங்கும் இவ்விரு தன்மைகளும் உள்ளன. பல எண்கள் ஒன்றாகின்றன. ஒன்றாகும்போது சில செய்திகள் மறைகின்றன. இன்றைய கணினித் துறையில் அன்றாடம் வழங்கும் ஒருவகைத் தொகை எண்ணையும், அதனை முறையாகக் கேட்டுப் பெறும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர் தொகை எண்ணின் வலிமையை நேரில் அறிந்தவர்கள். 2005 ஆகஸ்டு 11ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடந்ததனால் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஒற்றை எண்ணாகத் தோன்றும் அக்குறியீட்டினுள் இரு கணிப்புகள் தொக்கு நிற்கின்றன. புகைமூட்டக் காலத்தில் முதன்மை பெறும் நுண்துகள்களின் அளவு 24 மணி நேரச் சராசரியாகக் கணிக்கப்படுகிறது. பின்னர், வெவ்வேறு மாசுகளுக்குக் கிடைத்த குறியீடுகளுள் மிக உயர்ந்தது எதுவோ அதுவே அறிவிக்கப்படுகிறது. அதாவது, காலத்தின்மேல் சராசரி, மாசுகளின்மேல் உச்சம். இதனை அறியாதவர், நண்பகலில் திடீரெனச் சூழ்ந்த புகை அந்நேரக் குறியீட்டில் ஏன் முழுமையாகத் தெரியவில்லை என வியப்பர். அறிந்தவரோ எண்ணை விரித்துப் பொருள்கொள்வர்.

மேகக் கணினியின் அளவீடுகளும் இத்தன்மையனவே. பிறர் பேணும் கணினிகளை வாடகைக்குப் பெற்று, இணையத்தின் வழியே தொலைவிலிருந்து பயன்படுத்துவதே மேகக் கணிமை. அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் 2024 ஆகஸ்டு 22ஆம் நாள் மலேசியாவுக்கெனத் தனி வட்டாரம் ஒன்றைத் திறந்தது. அதற்கு முன்பே சிங்கப்பூர் வட்டாரம் இயங்கிவந்தது. இக்கணினிகளின் உழைப்பு, வலைப்போக்குவரத்து முதலியவற்றை இடைவிடாது அளந்து பதிவுசெய்யும் சேவைக்குக் கிளவுட்வாட்ச் என்பது பெயர். அப்பதிவுகளைத் திரையில் வரைபடமாகக் காணலாம். கட்டளை வரியில் எழுத்தால் வினவியும் பெறலாம். வரைபடம் பல முடிவுகளைப் பயனருக்காகத் தானே எடுத்துவிடுகிறது. கட்டளை வரியில் வினவுபவரே ஒவ்வொரு முடிவையும் எழுத வேண்டும். மாணவர் கற்பதற்குக் கட்டளை வரி ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்.

‘கெட்-மெட்ரிக்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்னும் கட்டளையை ஒரு வினாத்தொடராகக் கொள்வோம். அதன் உறுப்புகள் பின்வருமாறு அமையும். எந்தச் சேவையைச் சார்ந்தது என்பதை ‘நேம்ஸ்பேஸ்’ குறிக்கும். எந்த அளவீடு என்பதை ‘மெட்ரிக்-நேம்’ குறிக்கும். எந்தக் கணினி அல்லது எந்தக் குழு என்பதை ‘டைமென்ஷன்ஸ்’ வரையறுக்கும். எப்போது முதல், எப்போது வரை என்பவற்றை ‘ஸ்டார்ட்-டைம்’, ‘எண்ட்-டைம்’ ஆகிய இரண்டும் உணர்த்தும். எத்தனை நொடிக்கு ஓர் எண்ணாகத் தொகுப்பது என்பது ‘பீரியட்’. சராசரியா, உச்சமா, தாழ்வா, கூட்டுத்தொகையா என்பது ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’. எந்த வட்டாரத்தில் தேடுவது என்பது ‘ரீஜியன்’. நம் பேச்சில் உருபு தொக்கு நின்றால் கேட்பவர் இடமறிந்து நிரப்பிக்கொள்வார். கணினி அவ்வாறு நிரப்புவதில்லை. விடுபட்ட உறுப்பு கட்டாயமானதாயின் பிழை எனச் சொல்லும். கட்டாயமற்றதாயின் தன் விதிப்படி ஒரு பொருளைக் கொண்டு விடை தந்துவிடும். பின்னதே ஏமாற்றக்கூடியது.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். கிள்ளானில் ஓர் அமைப்பு நடத்தும் போட்டிக்கு இணையப் பதிவு காலை 9 மணிக்குத் தொடங்குகிறது எனக் கொள்வோம். முதல் நிமிடத்தில் கணினியின் உழைப்பு 100 விழுக்காட்டைத் தொடுகிறது. பலருக்குப் பக்கம் திறக்கவில்லை. அடுத்த நிமிடங்களில் உழைப்பு 20 விழுக்காடாகத் தணிகிறது. பீரியட் 60 நொடி எனக் கேட்டால் 100 என்னும் எண் கண்ணில் படும். 300 நொடிச் சராசரி கேட்டால் 36 வரும். 3,600 நொடிச் சராசரி கேட்டால் 21க்குச் சற்று மேல் வரும். மூன்று விடைகளும் மெய்யே. ஆயினும் மூன்றாவது விடையை மட்டும் கண்ட பொறுப்பாளர், பதிவு செய்ய இயலவில்லை என்று முறையிட்ட மாணவர்களை நம்பமாட்டார். அந்த ஒரு நிமிடத்தில் தவித்தவர்கள் சராசரிக்குள் தொக்குவிட்டனர்.

காலம் கடந்து வினவுபவருக்கு இது மேலும் கடினமாகும். கிளவுட்வாட்ச், 60 நொடிப் பதிவுகளை 15 நாள்களும், 300 நொடித் தொகுப்புகளை 63 நாள்களும், ஒரு மணி நேரத் தொகுப்புகளை 455 நாள்களும் வைத்திருக்கும். மூன்று மாதங்கள் கழித்து அந்த நிமிடத்தைத் தேடினால் அது தனித்துக் கிடைக்காது. எனினும், சராசரிக்கு மாறாக உச்சத்தைக் கேட்டால், அந்த ஒரு மணி நேரத்துள் உழைப்பு 100ஐத் தொட்டது என்னும் செய்தி அப்போதும் கிடைக்கும்.

அடுத்து, தொகையில் யார் யார் அடங்குவர் என்பது. கணினியின் பெயரைக் குறியாமல் அனைத்துக்கும் சேர்த்துச் சராசரி கேட்கலாம். ஆனால் அமேசானின் இசி2 கணினிகளுள் ஒரு நிமிட விரிவான கண்காணிப்பு இயக்கப்பட்டவை மட்டுமே அச்சராசரியில் சேரும். ஐந்து நிமிட அடிப்படைக் கண்காணிப்பில் உள்ளவை சேரா. அவை விடுபட்டன என்ற குறிப்பும் விடையில் இராது. அவ்வாறே, ஒரு வட்டாரத்தின் பதிவுகள் மற்றொரு வட்டாரத்தின் பதிவுகளோடு தாமாகச் சேர்வதில்லை. மலேசிய வட்டாரத்தில் இயங்கும் கணினியைச் சிங்கப்பூர் வட்டாரத்தில் தேடினால் வெறுமையான பட்டியல் வரும். அவ்வெறுமையைச் சுழியம் எனப் படித்தல் தவறு. ‘ஒன்றும் நிகழவில்லை’ என்பது வேறு. ‘இங்கே பதிவு இல்லை’ என்பது வேறு.

நாளின் எல்லையும் கருதத்தக்கது. உலகப் பொது நேரத்தில் 00:00 என எழுதினால், அது நமக்குக் காலை 8 மணி. மார்ச் 15ஆம் நாள் முழுமைக்கும் அளவீடு வேண்டுவோர், உலகப் பொது நேரப்படி மார்ச் 14 மாலை 4 மணி முதல் மார்ச் 15 மாலை 4 மணி வரை எனக் கேட்க வேண்டும். இல்லையேல் ஒரு நாளின் காலைப் பொழுதை இழந்து, மறுநாளின் காலைப் பொழுதைச் சேர்த்துக்கொள்வர்.

இறுதியாக, சராசரிகளின் சராசரி. 10 மாணவர் உள்ள வகுப்பின் சராசரி 80. 90 மாணவர் உள்ள வகுப்பின் சராசரி 60. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 70. ஆனால் நூறு மாணவரின் மெய்யான சராசரி 62 மட்டுமே. மதிப்பெண் பட்டியலில் ஆசிரியர் விழிப்போடு தவிர்க்கும் இப்பிழை கணினி அளவீடுகளில் எளிதில் நுழைகிறது. கிளவுட்வாட்ச் கூட்டுத்தொகையை மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தே சராசரி காண்கிறது. ஆகவே, பல தொகுப்புகளை நாமே இணைக்க நேரின் ‘சம்’, ‘சேம்பிள்கவுண்ட்’ ஆகிய இரண்டையும் கேட்டுப் பெற்று, அவற்றைத் தனித்தனியே கூட்டிய பின் வகுக்க வேண்டும்.

இவற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல மேகக் கணினி கைவசம் இருக்க வேண்டியதில்லை. நாளிதழில் வரும் காற்றுக் குறியீடு, பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு, நகரின் சராசரி வருமானம் என எந்த எண்ணையும் எடுத்து மாணவரிடம் கொடுக்கலாம். எதனை அளந்தது, யாரைச் சேர்த்தது, எங்கே, எப்போது முதல் எப்போது வரை, எவ்வளவு காலத்தை ஒன்றாக்கியது, எவ்வகைக் கணிப்பு என்னும் ஆறு வினாக்களுக்கும் விடை எழுதச் சொல்லலாம். விடை கிடைக்காத வினா எதுவோ, அந்த எண்ணில் தொக்கு நிற்பது அதுவே. தொகைச் சொல்லை விரித்துப் பொருள் காணப் பழகிய மாணவருக்கு இப்பயிற்சி அயலானதன்று.