அம்மாவின் விசா, மாப்பிள்ளையின் விண்ணப்பம்

உள்ளே கொண்டுபோன பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தால் கேட்கவே வேண்டாம். சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு இது அத்துப்படி. விசா கிடைத்தவர் வெறுங்கையோடு வருவார். பாஸ்போர்ட் சில நாள் கழித்து வரும். கிடைக்காதவர் பாஸ்போர்ட்டையும் ஒற்றைத் தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருவார். கைபேசியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், டாலஸில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும் மகளுக்குச் செய்தி போய்ச் சேர இன்னும் பத்து நிமிடமாவது ஆகும்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அப்படித்தான் வெளியே வந்தார். வயது 61. கணவர் இல்லை. ஒரே மகள், தலைப்பிரசவம். பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி, குழந்தைக்கு உரை மருந்தும் எடுத்து வைத்துவிட்டுத்தான் நேர்காணலுக்கே கிளம்பியிருந்தார். கையில் ஜிப் வைத்த ஃபைல். பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரத்தின் நகல், சிட்டா, வங்கிக் கணக்கு விவரம், ஆடிட்டர் போட்டுக் கொடுத்த சொத்து மதிப்புச் சான்று, மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு, மகளின் ஸ்கேன் ரிப்போர்ட் என்று எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அந்த ஜிப்பைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி; பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

“எதுக்குப் போறீங்கம்மா?”

“மகளுக்குப் பிரசவம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கப் போறேன்.”

“எத்தனை நாள் இருப்பீங்க?”

“ஆறு மாசம் இருக்கலாம்னு சொன்னாங்க.”

இன்னும் ஒன்றிரண்டு கேள்விகள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அன்று மாலை மாப்பிள்ளை அனுப்பிய பிடிஎஃப்பில்தான் தன் விண்ணப்பத்தை அந்த அம்மா முதன்முதலாகப் படித்தார். டிஎஸ்-160 என்கிற அந்தப் படிவத்தில் அவருடைய பயணம் சுற்றுலா என்றிருந்தது. தங்கும் காலம் மூன்று வாரம். பிரசவம் பற்றி மூச்சே இல்லை. “கம்மியா போட்டாத்தான் சேஃப்னு ஆபீஸ்ல சொன்னாங்க அத்தை. நீங்க டென்ஷன் ஆகக் கூடாதுன்னு சொல்லலை” என்றார் மாப்பிள்ளை. அவர் கெட்டவர் இல்லை. இரண்டு இரவு கண்விழித்து நிரப்பியவர். ஆனால் ஜன்னல் முன்னால் நின்றது அவர் இல்லையே.

விசா மறுப்பு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொத்து, வங்கி இருப்பு, அதிகாரியின் அன்றைய மனநிலை என்று ஒரு சுற்று சுற்றி வருவார்கள். பழவந்தாங்கலில் விசா பிள்ளையார் இருக்கிறார், ஹைதராபாத் அருகே சில்கூரில் விசா பாலாஜி இருக்கிறார். 11 சுற்று சுற்றி வேண்டிக்கொண்டு, விசா கிடைத்ததும் 108 சுற்று சுற்ற வருகிறவர்கள் இன்றும் உண்டு. தன் பெயரில் என்ன எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விண்ணப்பதாரருக்கே தெரியாமல் இருப்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. நம் வீடுகளில் அம்மா அப்பாவின் விண்ணப்பத்தை மகனோ மருமகனோ நிரப்புகிறார். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்க்காரர், அல்லது டிராவல்ஸ்காரர். கையெழுத்துக்குப் பதில் ஒரு பொத்தானை அழுத்துவதும் அவர்கள்தான். பலன் மட்டும் அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது.

அந்த ஒற்றைத் தாளில் இருப்பது 214(பி) என்ற சட்டப் பிரிவு. 1952ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் வருவது. விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டு அதிகாரி தொடங்க வேண்டும். அப்படி இல்லை என்று காட்டுவது வந்தவர் பொறுப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹெச்-1பி விசாவில் வேலைக்குப் போகும் மாப்பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் பொருந்தாது என்று அதே பிரிவே விலக்கு தருகிறது. பத்து வருடம் அங்கே உட்கார்ந்து வீடு வாங்கப் போகிறவருக்கு விலக்கு. லேகியம் கிளறிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போகும் மாமியாருக்குச் சந்தேகம்.

மேல்முறையீடு கிடையாது. கட்டிய 185 டாலர் திரும்ப வராது. நம் பணத்தில் 15,000 ரூபாய்க்கு மேல். நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், தூதரக அதிகாரியின் விசா முடிவில் அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை. 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில், வெளிநாட்டுக் கணவருக்குக் குடியேற்ற விசா மறுக்கப்பட்டதை எதிர்த்த அமெரிக்கக் குடிமகளுக்கே வழி பிறக்கவில்லை. மாமியாருக்குச் சுற்றுலா விசா எந்த மூலைக்கு?

ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை. இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. இந்த வசதிதான் பலரைக் கெடுக்கிறது. அதே படிவம், அதே பதில், வேறு தேதி என்று அடுத்த வாரமே பணம் கட்டுகிறார்கள். “அடுத்த ஜன்னலாக இருந்தால் கிடைத்திருக்கும்” என்பது இவர்கள் வாதம். தாளில் இருப்பது 221(ஜி) என்றால் கதை வேறு: ஏதோ ஆவணம் அல்லது கூடுதல் பரிசோதனை பாக்கி, கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டு, பாக்கி ஆவணத்தைக் கொடுக்காமல் புதிதாகப் பணம் கட்டியவர்களும் உண்டு.

நம் ஆசிரியைக்குத் திரும்புவோம். மறுப்புக்குக் காரணம் இதுதான் என்று அந்தத் தாள் சொல்லவில்லை, சொல்லாது. ஆனால் படிவம் ஒரு கதை சொன்னது, அவர் வாய் வேறு கதை சொன்னது. போதாக்குறைக்கு நம் மொழியும் ஒரு வேலை பார்த்திருக்கிறது. ‘குழந்தையைப் பார்க்கப் போறேன்’ என்பதற்கும் ‘பார்த்துக்கப் போறேன்’ என்பதற்கும் நடுவில் இருப்பது அரை மூச்சு. நமக்கு இரண்டும் ஒரே பாசம். ஆங்கிலத்தில் முதலாவது விருந்தாளி, இரண்டாவது சம்பளமில்லாத ஆயா. சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது என்பதைக் காவல் காக்க உட்கார்ந்திருப்பவர் காதில் எது விழும்? பிரசவ நேரத்தில் மகளோடு இருக்கப் போவது நியாயமான பயணம்தான்; அதை மறைத்துச் சுற்றுலா என்று போட்டதில்தான் அது குற்றம் மாதிரி ஆகிவிட்டது.

ஃபைலில் இருந்த மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டும் வீண்தான். பார்வையாளர் விசாவுக்கு அழைப்புக் கடிதமோ, செலவை ஏற்கும் உறுதிமொழியோ தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்கிறது. விண்ணப்பிக்கிறவர் தன் காலில் நிற்க வேண்டும். இரண்டு பென்ஷன், சொந்த வீடு, ஊரில் தான் பார்த்தே ஆக வேண்டிய 84 வயது அம்மா என்று இந்த ஆசிரியையிடம் சொல்ல நிறைய இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பதற்கு முன்பே பேச்சு முடிந்துவிட்டது.

பிரிட்டன் வேறு மாதிரி. அங்கே நேர்காணல் அபூர்வம், எல்லாம் காகிதம்தான். மறுப்புக் கடிதம் பத்தி பத்தியாகக் காரணம் சொல்லும். அதில் அடிக்கடி வருவது, விளக்கமில்லாமல் கணக்கில் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை. ‘ஷோ மணி’ என்று நாலு லட்சத்தை இரவல் வாங்கி ஒரு மாதம் போட்டு வைக்கச் சொல்லும் டிராவல்ஸ்காரரின் கைங்கரியம் பல வேளை அது. குடும்பத்தாரைப் பார்க்க வருகிறவர்களின் மேல்முறையீட்டு உரிமையை அந்த நாடு 1993இல் எடுத்தது, 2000இல் திருப்பிக் கொடுத்தது, 2013 ஜூன் 25 முதல் மறுபடி எடுத்துவிட்டது. மனித உரிமை அடிப்படையில் வாதாடலாம், உயர் மட்ட நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம். ஆகும் செலவுக்குப் பத்து தடவை புதிதாக விண்ணப்பிக்கலாம். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் பதில் வைத்து மறுபடி போடுவதே நடைமுறை.

கனடாவின் மறுப்புக் கடிதம்தான் வயிற்றெரிச்சல். ‘கனடாவில் உங்களுக்குள்ள குடும்ப உறவைக் கருத்தில் கொண்டு, நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்பவில்லை’ என்கிற பொருளில் ஒரு வரி வரும். ஸ்கார்பரோவில் இருக்கும் மகனைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பித்த தாய்க்கு, மகன் இருப்பதே குறை. ஆனால் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. அதிகாரி கணினியில் எழுதி வைத்த குறிப்புகளை 5 டாலர் கட்டித் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். கனடாவில் இருப்பவரே கேட்க வேண்டும் என்பதால் பெற்றவரின் ஒப்புதலோடு பிள்ளையே கேட்டுவிடலாம். எந்தக் காகிதத்தைப் பார்த்தார், எதை நம்பவில்லை என்று அதில் தெரிந்துவிடும். 60 நாளுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சீராய்வுக்கு அனுமதி கேட்கவும் வழியுண்டு. சாதாரண விசா மறுக்கப்பட்ட பெற்றோர், 2011 டிசம்பரில் வந்த ‘சூப்பர் விசா’ பக்கம் போவதும் உண்டு. பிள்ளையின் வருமானத்தைக் காட்டி, குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு எடுத்தால், 2022 ஜூலை முதல் ஒரே மூச்சில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். பிள்ளையின் சம்பளச் சீட்டுக்கு மரியாதை இருக்கிற இடம் இதுதான்.

வந்தவர்களில் சிலர் திரும்பாமல் தங்கிவிடுகிறார்கள், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கும் அதிகாரிக்குச் சில நிமிடம்தான் கிடைக்கிறது என்று அந்த நாடுகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருக்கட்டும்.

இந்தக் கட்டுரைக்காக ஆளுக்கொரு கதை சொன்ன குடும்பங்களில் வயிற்றைக் கலக்கியது பழைய மறுப்பை மறைக்கும் பழக்கம்தான். முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பிரிட்டனும் கனடாவும் கேட்கின்றன. தன் விசா மறுக்கப்பட்டதுண்டா என்று அமெரிக்கா கேட்கிறது. ‘இல்லைன்னு போட்டுடுங்க சார், அவங்களுக்கு எப்படித் தெரியும்’ என்பார் பிரவுசிங் சென்டர்க்காரர். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் புதிதாக வாங்கிவிடுங்கள் என்பார் இன்னொருவர். பாஸ்போர்ட் மாறும், பத்து விரல் ரேகை மாறாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. பொய் என்று தெரிந்தால் கனடாவில் ஐந்து ஆண்டு தடை, பிரிட்டனில் பத்து வரை, அமெரிக்காவில் ஆயுளுக்கும். ‘ஆம், மறுக்கப்பட்டது’ என்று எழுதினால் இரண்டு கூடுதல் கேள்வி வரும், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்துப் பேத்தியின் பட்டமளிப்புக்கோ கல்யாணத்துக்கோ போக நினைக்கும்போது, யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்குத் தட்டிய ‘இல்லை’ குறுக்கே வந்து நிற்கும். அதைத் தட்டியவர் கடையைக் காலி செய்துகொண்டு எங்கோ போயிருப்பார்.

பேத்தி ஜனவரியில் பிறந்தாள். லேகியம், அதே தெருவிலிருந்து டாலஸ் போன இன்னொரு குடும்பத்தின் பெட்டியில் போனது. ஆசிரியை உடனே மறுபடி விண்ணப்பிக்கவில்லை. 2022, 23இல் இந்தியாவில் முதல்முறை நேர்காணலுக்கு 500 நாளுக்கு மேல் காத்திருந்த கதையெல்லாம் சொல்லி மகள் அவசரப்படுத்தினாள். அவர் அசையவில்லை. மறுப்பு வந்து நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீடியோ காலில் மாப்பிள்ளை ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் வாசிக்க, இவர் பதில் சொல்ல, சொன்னதையே அவர் தட்டினார். 32 வருடம் விடைத்தாள் திருத்தியவர் சும்மா விடுவாரா? தங்கும் காலம் இரண்டரை மாதம்; ஆடி பிறப்பதற்குள் திரும்ப வேண்டும், அம்மாவை அதற்கு மேல் தம்பி வீட்டில் விட முடியாது. நோக்கம், மகளையும் பேத்தியையும் பார்ப்பது. முந்தைய மறுப்பு, ஆம், இந்தத் தேதி. மூன்று இடத்தில் எழுத்துப் பிழையும் கண்டுபிடித்தார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது: இந்த விண்ணப்பத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? போன தடவை அதற்கு ‘இல்லை’ என்று போட்டிருந்ததை மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

“ஆமான்னு போடுங்க மாப்பிள்ளை. உங்க பேரைப் போடுங்க” என்றார் ஆசிரியை. பிறகு, பின்னால் அழுதுகொண்டிருந்த குழந்தையைக் கொஞ்சம் கேமரா பக்கம் திருப்பச் சொன்னார்.