நீல ஊசிப் பைன் மரங்கள்

இமயமலைச் சரிவுகளில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர் முதல் 3,500 மீட்டர் வரையுள்ள காடுகளில், தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு நீலச் சாயல் காட்டி நிற்கும் பைன் மரமொன்று உண்டு. இமாசலப் பிரதேச மக்கள் இதனைக் ‘கைல்’ என்பர். தாவர நூலார் வழங்கும் பைனஸ் வாலிச்சியானா என்னும் பெயர், கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய நத்தானியல் வாலிச்சின் நினைவாக 1938-இல் இடப்பட்டது. பழைய நூல்களில் பைனஸ் எக்செல்சா என்று காணப்படுவதும் இம்மரமே.

குளிர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் நீலப் பைன் வளர்க்க விழைவோர், நிறத்தை மட்டும் நம்பி ஏமாறுதல் உண்டு. நீலம் என்பது இலையினுள் அமைந்த சாயம் அன்று. இலைத்துளை வரிசைகளின்மீது படிந்துள்ள நுண்ணிய மெழுகு ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவதே அது. ஊசியை விரலால் தேய்த்தால் மெழுகு அகன்று பச்சை வெளிப்படும். இளந்தளிர் மிக நீலமாகவும், மழையிலும் தூசியிலும் அடிபட்ட பழைய ஊசி மங்கலாகவும் இருப்பதன் காரணம் இதுவே. பூச்சிகளை ஒழிக்கத் தெளிக்கப்படும் எண்ணெய்க் கலவையும் இம்மெழுகைப் போக்கிவிடும். நீலத்தை மீண்டும் காண அடுத்த ஆண்டுத் தளிருக்குக் காத்திருத்தல் வேண்டும். மருந்துப் புட்டியிலுள்ள எச்சரிக்கையைப் படியாமல் மரத்தின் அழகை இழந்தவர் பலர்.

ஆதலின், முதலில் ஊசிகளை எண்ணுதல் நன்று. கைல் மரத்தில் கொத்துக்கு ஐந்து ஊசிகள். அவை ஒரு சாண் அளவுக்கு நீண்டு, மெலிந்து தொங்கும். ஜப்பானிய வெள்ளைப் பைனின் ‘கிளாக்கா’ வகையிலும் ஐந்தே. ஆனால் அவை 3 முதல் 6 செ.மீ. நீளமே உடையன, சற்று முறுகியும் வளைந்தும் இருக்கும். ஸ்காட்லாந்துப் பைனில் இரண்டிரண்டாக அமையும். ஊசிகள் தனித்தனியே நின்று, நான்கு பட்டைகளுடன் கையைக் குத்துமாயின், அது பைன் அன்று. கொலராடோ நீல ஸ்புரூஸ் ஆகும். குறுங்கிளை நுனிகளில் பல ஊசிகள் குஞ்சம்போல் நிற்பின் அது தேவதாரு.

தேர்ந்தெடுத்த நீல வகைகளின் விதையை ஊன்றினால் தாயின் நிறம் அப்படியே வருமென்பதற்கு உறுதியில்லை. ஆகவே அவற்றை ஒட்டுக்கட்டியே பெருக்குகின்றனர். ஐந்தூசி வகையை ஐந்தூசி அடிக்கன்றின்மீதும், ஈரூசி வகையை ஈரூசிக் கன்றின்மீதும் ஒட்டுவதே வழக்கம். கன்று வாங்குவோர் தண்டின் அடியில் ஒட்டின் தழும்பைத் தேடிப் பார்த்தல் வேண்டும். தழும்பு இல்லையேல் அது பெரும்பாலும் விதைக்கன்றாகவே இருக்கும். தழும்பின்கீழ் விட்டுவைத்த அடிக்கன்றின் கிளை சில ஆண்டுகளில் ஒட்டை விஞ்சி வளரக்கூடும். ஆதலால் அதனைக் காலத்தில் அறுத்துவிடல் வேண்டும்.

நல்ல வெயிலும் நீர் தேங்காத நிலமும் இன்றியமையாதன. கிளையைக் குறுக்க விரும்பினால், இளவேனிலில் மெழுகுவர்த்திபோல் நீளும் இளந்தண்டு முதிருமுன் அதில் பாதியைக் கிள்ளிவிடலாம். ஊசியற்ற முதிர்ந்த கிளையை வெட்டினால் அவ்விடத்தில் மீண்டும் துளிர்ப்பதில்லை.